சுவரை இடிக்கும் முன் ரிட்டர்ன் டக்டைத் தேடுங்கள்

கனடாவில் பழைய வீடு வாங்கியதும் நம்மில் பலர் முதலில் கை வைப்பது சமையலறைக்கும் டைனிங் அறைக்கும் நடுவே நிற்கும் சுவரில்தான். அதை எடுத்துவிட்டால் கீழ்த்தளம் ஒரே கூடமாகிவிடும், அடுப்படியில் நின்றபடியே பிள்ளைகளைப் பார்க்கலாம், வெளிச்சமும் வரும். அந்தச் சுவருக்குள் கரன்ட் வயர் ஓடுகிறதா, தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா, மாடியின் பாரத்தைத் தாங்குகிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். காற்று ஓடுகிறதா என்று கேட்பவர்கள் குறைவு. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கு அறைக் காற்றைத் திருப்பி இழுத்துச் செல்லும் வழி, அதாவது ரிட்டர்ன் டக்ட், அதற்குள் இருக்கலாம். நாங்களும் கேட்கவில்லை.

எங்கள் வீடு ஒன்டாரியோவின் பிராம்ப்டனில் 1986ல் கட்டியது. சுவரை இடித்த அன்று உள்ளே மூன்று இடைவெளிகளில் சாம்பல் நிறத் தூசி பஞ்சு மாதிரி படிந்திருந்தது. ஒன்றின் அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குதிரை பொம்மை கிடந்தது, எங்களுக்கு முன் இருந்தவர்களின் பிள்ளை சுவரின் காற்றுத் துளையை மூடும் கிரில் வழியாகப் போட்டிருக்க வேண்டும். காண்ட்ராக்டர் பேஸ்மென்ட்டில் அந்த ஓட்டைகளுக்குத் தகரம் அடித்து மூடினார். "வீட்டில் வேறு ரிட்டர்ன்கள் இருக்கின்றன, போதும்" என்றார். நம்பினோம். அந்தக் குளிர்காலத்தில் ஃபர்னஸ் ஐந்து நிமிடம் எரிந்து அணைவதும் மறுபடி எரிவதுமாக இருந்தது. ஃபர்னஸின் விசிறியான ப்ளோயர் ஓடத் தொடங்கியதும் மாடியில் எங்கள் படுக்கையறைக் கதவு தானாக நகர்ந்து சாத்திக்கொள்ளும். ஜூலை வந்ததும் ஏசியின் செம்புக் குழாய் மேல் பனிக்கட்டி. இரண்டாவதாக வந்த டெக்னீஷியன்தான் கதவைப் பார்த்தவுடன் "இந்த ரூமுக்கு ரிட்டர்ன் எங்கே?" என்று கேட்டார்.

புதிதாக ரெனவேஷன் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான்: ரிட்டர்ன் டக்டை அடைக்க வேண்டாம், இடம் மாற்றுங்கள். எங்கே மாற்றுவது என்பதைச் சுத்தியல் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். பூசி, பெயின்ட் அடித்து, கேபினெட் மாட்டிய பிறகு செய்தால் செலவு பல மடங்கு.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஃபர்னஸ் காற்றைத் தயாரிப்பதில்லை. வீட்டிலிருந்து இழுத்த காற்றையே சூடாக்கியோ குளிரவைத்தோ திருப்பி அனுப்புகிறது. அனுப்பும் வழி சப்ளை, இழுக்கும் வழி ரிட்டர்ன். இழுக்கிற அளவுக்குத்தான் அனுப்ப முடியும். ரிட்டர்னைக் குறைத்தால் ஃபர்னஸுக்குள் காற்று போதாமல் சூடு ஏறி, லிமிட் சுவிட்ச் நெருப்பை அணைத்துவிடும். ஏசி ஓடும்போது, காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருளான காயில் மேல் போதிய காற்று ஓடாததால் அது உறைந்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தன.

இங்குள்ள பழைய வீடுகளில் பெரும்பாலும் ரிட்டர்னுக்கென்று தனிக் குழாய் கிடையாது. சுவருக்குள் நிற்கும் ஸ்டட் என்ற மரச்சட்டங்கள் இரண்டுக்கு நடுவில் உள்ள வெற்றிடத்தையே குழாயாகப் பயன்படுத்தியிருப்பார்கள். பேஸ்மென்ட்டில், மேல் தரையைத் தாங்கும் ஜாயிஸ்ட் என்ற மரங்கள் இரண்டுக்கு நடுவே அடியில் தகரம் அறைந்து அதை மெயின் டக்டோடு சேர்த்திருப்பார்கள். மலிவான வேலை, ஆனால் ஒழுகும். தனிக் குழாய் இல்லாததால்தான் சுவரை உடைக்கும் வரை அது டக்ட் என்றே தெரிவதில்லை.

எது ரிட்டர்ன், எங்கே போகிறது

தெர்மோஸ்டாட்டில் ஃபேனை "ஆன்" நிலையில் வையுங்கள். ஒரு டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஒவ்வொரு கிரில் முன்னாலும் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் ரிட்டர்ன், பறந்தால் சப்ளை. எல்லாவற்றையும் ஒரு தாளில் தளம் தளமாக வரைந்து, கிரிலின் நீள அகலத்தையும் எழுதுங்கள். பிறகு பேஸ்மென்ட்டுக்குப் போய் மெயின் ரிட்டர்ன் டக்டைப் பிடித்துக்கொண்டு நடங்கள். ஃபில்டர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் சேரும் பெரிய பெட்டிதான் ரிட்டர்ன். அதிலிருந்து மேலே எந்தெந்த இடத்தில் ஓட்டை போகிறது என்று படத்தில் குறியுங்கள்.

முக்கியமான ஒன்று இங்கே. கீழ்த்தளச் சுவரில் கிரில் இல்லாவிட்டாலும் அதற்குள் ரிட்டர்ன் இருக்கலாம், மாடி அறைக்குப் போகும் வழி அதுவாகவே இருக்கலாம். எங்கள் சுவரில் இருந்த மூன்று இடைவெளிகளில் இரண்டு கீழ்த்தளத்துக்கு, மூன்றாவது நேராக மாடிப் படுக்கையறைக்கு. அந்த மூன்றாவதைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. மாடி கிரிலுக்கு நேர் கீழே எந்தச் சுவர் வருகிறது என்று அளந்து பார்த்தாலே தெரிந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் கிரிலைக் கழற்றி, போன் விளக்கைப் போட்டு வீடியோ எடுங்கள், உள்ளே எவ்வளவு தூரம் திறந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அனுமதியும் ஆஸ்பெஸ்டாஸும்

பாரம் தாங்கும் சுவரை எடுப்பதற்கும் டக்ட் அமைப்பை மாற்றுவதற்கும் உங்கள் நகராட்சியில் பில்டிங் பெர்மிட் தேவையா என்று முதலில் கேளுங்கள். ஒன்டாரியோவில் கேஸ் இணைப்பில் கை வைப்பவர், மாகாணத்தின் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏவின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். தகர வேலையை நீங்கள் செய்யலாம், கேஸ் பைப்பைத் தொடாதீர்கள். பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டிருந்தாலோ விட நினைத்தாலோ கூடுதல் கவனம் தேவை: ஒரே ஃபர்னஸ் இரண்டு குடித்தனத்துக்கும் காற்றைச் சுற்றினால் ஒரு பக்கத்துப் புகை மறுபக்கம் போகும், அதற்குத் தனி விதிகள் இருக்கின்றன. படத்தில் இதையும் காட்டி நகராட்சியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு 1990க்கு முன் கட்டியது என்றால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. பழைய டக்ட் இணைப்புகளில் வெள்ளையாக, காகிதம் போல ஒட்டியிருக்கும் டேப், சுவர்ப் பூச்சு, தரை ஓடு என்று எதில் வேண்டுமானாலும் இருக்கும். உரிக்காதீர்கள், கிழிக்காதீர்கள். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்த பிறகு தொடங்குங்கள். இதில் அவசரம் வேண்டாம், அந்தத் தூசியை ரிட்டர்ன் இழுத்து வீடு முழுக்க அனுப்பிவிடும்.

எவ்வளவு காற்று வேண்டும்

கணக்கு பயமுறுத்தும், ஆனால் அடிப்படை எளிது. காற்றை இங்கே சி.எஃப்.எம் என்று அளக்கிறார்கள், அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி. ஏசி ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 400 சி.எஃப்.எம் வேண்டும். எங்களுடையது இரண்டரை டன், அப்படியானால் 1000. ரிட்டர்ன்கள் எல்லாம் சேர்ந்து இந்த 1000ஐ இழுக்க வேண்டும்.

ஸ்டட் இடைவெளி ஒன்றின் உள்ளளவு பதினான்கரை அங்குலமும் மூன்றரை அங்குலமும், சுமார் 50 சதுர அங்குலம். அது நிம்மதியாக இழுப்பது 100 முதல் 150 சி.எஃப்.எம் வரைதான். மூன்றை அடைத்தால் ஏறக்குறைய 400 போயிற்று. 1000ல் 400! இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்த அன்றுதான் எங்கள் ஃபர்னஸ் ஏன் மூச்சுத் திணறியது என்று எனக்குப் புரிந்தது.

புதுக் குழாய்க்கு இந்த அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளலாம்: வட்டக் குழாய் ஆறு அங்குலம் என்றால் சுமார் 100 சி.எஃப்.எம், எட்டு அங்குலம் 200, பத்து அங்குலம் 400. இவை நேரான, உலோகக் குழாய்க்கு. சதுரமாக மடங்கும் ஒவ்வொரு முழங்கையும் பல அடி நேர்க்குழாய்க்குச் சமமான தடையைச் சேர்க்கும், அதனால் வளைவுகளைக் குறையுங்கள், முடிந்தால் வளைந்த முழங்கையே போடுங்கள். வளையும் ஃபிளெக்ஸ் டக்ட் சுலபமாகத் தெரியும். தொய்ந்து மடங்கினால் பாதிக் காற்று போய்விடும், நான் போடவில்லை. கிரிலுக்கு ஒரு சதுர அங்குலத்துக்கு இரண்டு சி.எஃப்.எம் என்று பிடியுங்கள், 300 வேண்டுமென்றால் 150 சதுர அங்குலத்துக்குக் குறையாத கிரில். சின்ன கிரில் போட்டால் விசிலடிக்கும், ராத்திரி தூங்க முடியாது.

இவ்வளவும் நீங்கள் பேச்சுவார்த்தைக்குத் தயாராவதற்கு. இறுதி அளவை எச்.வி.ஏ.சி, அதாவது சூடு, குளிர், காற்றோட்ட அமைப்பின் டிசைன் தெரிந்தவர் ஒருவர் கணக்குப் போட்டுத் தரட்டும். அந்தக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

புது வழி தேடுவது

வேலையில் கடினமான பகுதி இதுதான், தகரம் வெட்டுவதெல்லாம் அப்புறம். கீழ்த்தள ரிட்டர்னுக்கு வழி எளிது: பேஸ்மென்ட்டிலிருந்து நேராக மேலே வந்து, இடிக்காத வேறொரு உள்சுவரில் கிரில் வைத்தால் போதும். வெளிச்சுவரில் வைக்காதீர்கள், அங்கே இன்சுலேஷன் இருக்கிறது. சமையலறை, குளியலறை, கராஜ், ஃபர்னஸ் அறை இவற்றிலிருந்து காற்றை இழுக்கக் கூடாது. தாளிக்கும் வாசனை வீடு முழுக்கப் பரவும் என்பது மட்டுமல்ல, கராஜில் காரின் புகையையும் ஃபர்னஸ் அறையில் எரிந்த கேஸையும் இழுத்துவிடும். சுவரை எடுத்தபின் சமையலறையும் கூடமும் ஒன்றாகிவிடுவதால் கிரிலை அடுப்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். நாங்கள் முன்வாசல் பக்கம், மாடிப்படிக்குக் கீழே உள்ள சுவரில் 24க்கு 8 அங்குல கிரில் வைத்து, பத்து அங்குலக் குழாயோடு இணைத்தோம்.

மாடிக்குப் போகும் ரிட்டர்ன் தலைவலி. அதற்குப் பேஸ்மென்ட்டிலிருந்து மாடி வரை மறைவான ஒரு செங்குத்து வழி வேண்டும். கோட் மாட்டும் அலமாரியின் மூலை, மேல்தள அலமாரிக்கு நேர் கீழே வரும் இடம், பாத்ரூம் பைப் ஏறும் பெட்டி இவற்றைப் பாருங்கள். எங்களுக்குக் கோட் அலமாரியின் பின்மூலை கிடைத்தது. எட்டு அங்குலக் குழாயை ஏற்றி, மரச்சட்டம் கட்டி டிரைவால் என்ற ஜிப்சம் பலகை போட்டு மூடினோம், இரண்டு கோட் மாட்டும் இடம் போனது, அவ்வளவுதான்.

அலமாரிக்கு மேலிருந்து படுக்கையறைச் சுவர் ஆறடி தள்ளி இருந்தது. அந்த ஆறடியை மாடித் தரைக்குள், ஜாயிஸ்ட் ஓடும் திசையிலேயே கொண்டுபோனோம். எங்களுடையது 2க்கு 10 மரம், உண்மையான உயரம் 9¼ அங்குலம், எட்டு அங்குலக் குழாய் உள்ளே போய்விடும். 2க்கு 8 என்றால் 7¼தான் இருக்கும், போகாது, தட்டையான டக்ட் தேட வேண்டும். குறுக்கே போக வேண்டியிருந்தால் ஜாயிஸ்டைத் துளைத்துக் குழாய் விடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒன்டாரியோ விதிப்படி மர ஜாயிஸ்டில் துளை அதன் உயரத்தில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது, மேல் கீழ் விளிம்பிலிருந்து 50 மில்லிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். 9¼ அங்குலத்தில் கால் பங்கு என்றால் வயருக்கும் பைப்புக்கும் சரி, டக்டுக்கு ஆகாது. குறுக்கே போவதென்றால் கீழே இறக்கி, பல்க்ஹெட் என்ற பெட்டியைக் கூரைக்கு அடியில் கட்டி மறைப்பதுதான் வழி.

எவ்வளவு தேடியும் மாடிக்கு வழி கிடைக்காவிட்டால், அந்த அறையின் காற்று வெளியேறவாவது இடம் கொடுங்கள். கதவுக்கு மேலே ஹாலைப் பார்த்து டிரான்ஸ்ஃபர் கிரில் வைக்கலாம், ஹாலில் பெரிய ரிட்டர்ன் இருந்தால் அது போதும். கதவின் அடியை மட்டும் அரை அங்குலம் வெட்டி விட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். பெரிய படுக்கையறைக்கு அது போதவே போதாது.

வேலை நாள்

இடிக்கும் நாளில் ஃபர்னஸை சுவிட்சில் அணையுங்கள். எல்லா கிரிலையும் பிளாஸ்டிக் ஒட்டி மூடுங்கள், டிரைவால் தூசி உள்ளே போனால் ப்ளோயரிலும் காயிலும் படிந்துவிடும். முதலில் புது வழியை முழுதாகக் கட்டுங்கள், அதன் பிறகு பழையதைத் துண்டியுங்கள். இந்த வரிசையில் செய்தால் நடுவில் குளிர் வந்தாலும் வீடு தாங்கும்.

மெயின் டக்டின் பக்கத்தில், குழாயைப் பொருத்தும் வளையமான காலரை வைத்து வட்டம் வரைந்து, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று இரண்டு தகரக் கத்தரிகளால் வெட்டுங்கள். கையுறை இல்லாமல் தகரத்தைத் தொடவே வேண்டாம், வெட்டிய விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். குழாய்களைச் சேர்க்கும்போது ஒரு முனை சுருக்கியதாக இருக்கும், அந்தச் சுருக்கிய முனை காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும். ரிட்டர்னில் காற்று ஃபர்னஸை நோக்கிப் போகிறது, ஆகவே சுருக்கிய முனையும் ஃபர்னஸைப் பார்த்தே இருக்கும். சப்ளையில் பழகியவர்கள்கூட இங்கே தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று ஸ்க்ரூ, குழாயைத் தாங்க உலோகப் பட்டை.

பிறகு அடைப்பது. "டக்ட் டேப்" என்று கடையில் விற்கும் சாம்பல் நிறத் துணி டேப்பை டக்டில் ஒட்டாதீர்கள். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் மாக்ஸ் ஷெர்மனும் இயன் வாக்கரும் 1998ல் பல வகை டேப்புகளைச் சோதித்தபோது தோற்றது அந்தத் துணி டேப்தான். மாஸ்டிக் என்ற பசையைப் பிரஷால் கனமாகப் பூசுங்கள், இல்லையென்றால் யு.எல் 181 என்று அச்சிட்ட அலுமினிய ஃபாயில் டேப் ஒட்டுங்கள். பேஸ்மென்ட்டில் ரிட்டர்ன் ஒழுகுவது சும்மா விடும் விஷயம் இல்லை. அந்த டக்ட் உள்ளே உறிஞ்சுவது, ஓட்டை இருந்தால் நிலத்தடி ஈரத்தையும், மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயுவான ரேடானையும் இழுத்து மாடிப் படுக்கையறை வரை அனுப்பும். ரேடான் ஒரு கன மீட்டர் காற்றில் 200 பெக்கரல் தாண்டினால் சரிசெய்யச் சொல்கிறது ஹெல்த் கனடா. அளக்கும் கருவியை ஒருமுறையாவது வைத்துப் பாருங்கள்.

பழைய ஓட்டைகளைத் தகரம் வைத்து, ஸ்க்ரூ போட்டு, மாஸ்டிக் பூசி மூடுங்கள். மாடித் தரையில் பழைய இடைவெளி போன இடத்தையும் மறக்காமல் அடையுங்கள். கீழிருந்து மேலே திறந்து கிடக்கும் வெற்றிடம் தீப்பிடித்தால் புகைபோக்கி ஆகிவிடும். டிரைவால் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் அளக்கும் டேப்பைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள், இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டியிருந்தால் அதற்கும் இதுதான் நேரம்.

சரிபார்ப்பது

ஃபேனைப் போட்டு டிஷ்யூவோடு மறுபடி ஒரு சுற்று. ஒவ்வொரு படுக்கையறைக் கதவையும் கொஞ்சம் திறந்து விட்டுப் பாருங்கள், நகராமல் நின்றால் நல்லது. டெக்னீஷியனிடம் ஸ்டாடிக் பிரஷர், அதாவது டக்டுக்குள் காற்று எவ்வளவு தடையைச் சந்திக்கிறது என்று காட்டும் அழுத்தத்தை, அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வீட்டு ஃபர்னஸ்களுக்கு 0.5 அங்குல நீர் அழுத்தம்தான் கணக்கு. எங்களுடையது அடைத்திருந்தபோது 0.82, வேலை முடிந்ததும் 0.51. ஒரு அங்குல ஃபில்டரில் மிக நுண்ணிய வகையைப் போட்டால் இந்த எண் மறுபடி ஏறும், நுண்ணியது வேண்டுமென்றால் நான்கு அங்குல ஃபில்டர் பெட்டி வையுங்கள்.

கடைசிச் சோதனையை விட்டுவிடாதீர்கள். மேலே திறந்த புகைக்குழாய் உள்ள பழைய வாட்டர் ஹீட்டர் உங்களிடம் இருந்தால், வீட்டு ஜன்னல் எல்லாம் சாத்தி, சமையலறை ஹூட், பாத்ரூம் ஃபேன், டிரையர், ஃபர்னஸ் ப்ளோயர் எல்லாவற்றையும் ஓடவிட்டு, வாட்டர் ஹீட்டரையும் எரியவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அதன் தலைப்பகுதியில் ஒரு ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை குழாய்க்குள் போக வேண்டும். வெளியே தள்ளினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வருகிறது என்று அர்த்தம். உடனே எல்லாவற்றையும் அணைத்து, ஜன்னலைத் திறந்து, உரிமம் பெற்ற ஆளைக் கூப்பிடுங்கள். 2008ல் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக்கில் கேஸ் ஃபயர்பிளேஸின் புகைவழி அடைபட்டு ஒரு குடும்பத்தில் நாலு பேரும் இறந்துபோனார்கள், அதற்குப் பிறகுதான் 2013ல் இங்கே வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அந்த அலாரம் வேலை செய்கிறதா என்று அன்றே பட்டனை அழுத்திப் பாருங்கள்.

பெயின்ட் வேலை முடிந்து ஒரு வாரத்தில் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், வெள்ளையாகத் தூசி அப்பியிருக்கும். மாற்றுங்கள். அடுத்த மாதம் இன்னொரு முறை.